பண்டிட்கள் திட்டும்போது மேனேஜர் குறுக்கே வந்து நிற்பது யாருக்காக?

கிழக்கு_கேலரி

2023 செப்டம்பர் 12, கிளாஸ்கோ, ஹாம்ப்டன் பார்க். கால்பந்து ஆட்டத்தில் இங்கிலாந்து 3-1 என்று ஸ்காட்லாந்தை வென்றது. இடைவேளைக்குப் பிறகு இறங்கிய இங்கிலாந்து தடுப்பாட்டக்காரர் ஹாரி மகுவையர் பந்தைத் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். பந்து அவர் காலுக்கு வந்தபோதெல்லாம் ஸ்காட்லாந்து ரசிகர்கள் கேலியாக ஆரவாரம் செய்தார்கள்.

ஆட்டம் முடிந்து கேமரா முன்னால் வந்த இங்கிலாந்து மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) கேரத் சவுத்கேட் அந்த ரசிகர்களைக் குறை சொல்லவில்லை. எதிரணி ரசிகர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டார். அவர் கோபமெல்லாம் சொந்த நாட்டு வர்ணனையாளர்கள் மேலும், டிவியில் ஆட்டத்தை அலசும் பண்டிட்கள் மேலும். ஒரு வீரரை இப்படி நடத்தி நான் பார்த்ததே இல்லை, இந்த நிலைமையை உருவாக்கியதே நம் ஆட்கள்தான் என்று நேருக்கு நேர் சொன்னார்.

இதில் பேச நிறைய இருக்கிறது என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். மேனேஜர்கள் இப்படிப் பேசும்போது நாம் அதை மேனேஜருக்கும் பண்டிட்டுக்கும் நடக்கும் சண்டையாகப் பார்க்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பண்டிட் திருந்துவார் என்று எந்த மேனேஜரும் நம்பமாட்டார். அந்தப் பேச்சு டிரெஸ்ஸிங் ரூமில் இருப்பவர்களுக்கானது. நாளைக்கு உனக்கு இது நடந்தாலும் நான் நிற்பேன் என்று மீதி இருபது பேருக்கும் சொல்வது. அது உண்மையா வெறும் பேச்சா என்பது அடுத்த ஆட்டத்தின் பதினொருவர் பட்டியலில் தெரிந்துவிடும். சவுத்கேட் அடுத்த மாதம் வெம்ப்ளியில் இத்தாலிக்கு எதிராக மகுவையரை முதல் பதினொருவரில் இறக்கினார். எனக்கு அந்தப் பேட்டியைவிட இது பெரிது.

உங்கள் கருத்து என்ன? க்ளாப், பெப், மொரீனியோ என்று எந்த உதாரணமானாலும் எழுதுங்கள்.

மெர்சிசைடு_மதி

நல்ல இழை, அண்ணே. பட்டியலைப் பார் என்று நீங்கள் சொன்னதும் எனக்கு எங்கள் லிவர்பூலின் கோல்கீப்பராக இருந்த லோரிஸ் காரியஸ்தான் நினைவுக்கு வந்தார். ஆனால் அந்தக் கதை உங்கள் வாதத்துக்கு அவ்வளவு லேசாகப் பொருந்தாது.

2016 டிசம்பர் 4, போர்ன்மவுத். 3-1 என்று முன்னிலையில் இருந்தோம். 4-3 என்று தோற்றோம். கடைசி நேரத்தில் ஸ்டீவ் குக் அடித்த பந்தை காரியஸ் பிடிக்கப் போய் நழுவவிட, நேத்தன் ஆகே அதைத் தட்டி உள்ளே போட்டார். அந்த வாரம் முழுக்க, முன்னாள் வீரர்களான டிவி பண்டிட்கள் கேரி நெவிலும் ஜேமி காரகரும் காரியஸைத்தான் பேசினார்கள். காரியஸுக்கு அப்போது 23 வயது. சும்மா இருக்காமல் ஒரு பேட்டியில் நெவிலைப் பற்றி, கொஞ்ச நாள் மேனேஜராக இருந்தார், இப்போது மறுபடி நிபுணராகிவிட்டார் என்ற தோரணையில் பதில் சொன்னார். அடுத்த ஆட்டம் டிசம்பர் 11, வெஸ்ட் ஹாமுடன் 2-2. பாயெட்டின் ஃப்ரீகிக் கோலுக்கு மறுபடியும் காரியஸ் மேல்தான் பழி.

அப்போதுதான் எங்கள் மேனேஜர் க்ளாப் வெடித்தார். ஆடிய காலத்தில் தங்களைத் திட்டியபோது எப்படி இருந்தது என்பதை இந்த முன்னாள் வீரர்கள் சுத்தமாக மறந்துவிட்டார்கள் என்றார். நெவில் சகோதரர்களைப் பெயர் சொல்லியே பேசினார். வீரர்களை எடைபோடும் வேலையில் தானே தடுமாறியவரை டிவியில் வீரர்களைப் பற்றி ஏன் பேசவிடுகிறோம் என்று கேட்டார். கேரி மேனேஜராக இருந்த ஸ்பெயின் கிளப் வலென்சியாவை மனதில் வைத்துச் சொன்னது அது. கேரி அங்கே நாலு மாதம்கூட முழுசாக இருக்கவில்லை. 28 ஆட்டத்தில் 10 வெற்றி.

சரி, அதற்கு அடுத்து என்ன நடந்தது? டிசம்பர் 14, மிடில்ஸ்ப்ரோவுடன் ஆட்டம். கோலில் நின்றது சிமோன் மினியோலே. காரியஸ் பெஞ்சில். 3-0 என்று ஜெயித்தோம். வாயால் காப்பாற்றிய கையோடு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். உங்கள் அளவுகோலில் க்ளாப் தோற்றவரா?

ஸ்கோர்போர்டு

நான் எதிர்த்தரப்பு. காரியஸ் விஷயத்தில் நெவிலும் காரகரும் சொன்னது சரி என்று க்ளாபே பட்டியல் வழியாக ஒப்புக்கொண்டார். பிறகு எதற்கு அந்தக் கோபம்?

பண்டிட்டுக்குச் சம்பளம் தருவது கிளப் இல்லை. மாதாமாதம் சந்தா கட்டும் பார்வையாளனுக்கு, அங்கே என்ன தப்பு நடந்தது என்று சொல்வதுதான் அவர் வேலை. 2022 ஆகஸ்ட் 13, பிரென்ட்ஃபோர்ட் 4, மான்செஸ்டர் யுனைடெட் 0. நாலு கோலும் 35 நிமிடத்துக்குள். மூன்றாவது கோலில் பென் மீ, லிசாண்ட்ரோ மார்டினெஸ் பக்கத்திலேயே நின்று தலையால் முட்டிப் போட்டார். இடைவேளையில் மார்டினெஸை வெளியே எடுத்ததே அப்போதைய யுனைடெட் மேனேஜர் டென் ஹாக்தான். 175 செ.மீ. உயரமுள்ள சென்டர்பேக்கை இந்த லீக்கில் நால்வர் தடுப்பில் ஆடவைப்பது சரிவராது என்று காரகர் சொன்னார். இது வசையா? கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துச் செய்த கணிப்பு. அதற்காக ஒரு மேனேஜர் கோபப்பட என்ன இருக்கிறது?

யுனைடெட்_ஜூரோங்

@ஸ்கோர்போர்டு, அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 22, எங்கள் மைதானமான ஓல்ட் டிராஃபர்டில் லிவர்பூல். டென் ஹாக் கேப்டன் மகுவையரை உட்காரவைத்துவிட்டு மார்டினெஸை இறக்கினார். 2-1 என்று வென்றோம். மார்டினெஸ் அன்று விட்டுக்கொடுக்கவே இல்லை. டிசம்பரில் அர்ஜென்டினாவுடன் உலகக் கோப்பையும் அவர் கையில். தன் கணிப்பு தவறிப்போனதைக் காரகர் பின்னால் ஒப்புக்கொண்டார். அது அவருடைய நேர்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆட்டக்காரர் புது நாட்டுக்கு வந்து இரண்டாவது ஆட்டத்திலேயே, இது நடக்காது என்று தீர்ப்பு எழுத என்ன அவசரம்? டென் ஹாக் அந்த நேரத்தில் தயங்கியிருந்தால் மார்டினெஸ் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மகுவையரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஞாயிறு இரவு காப்பிக்கடையில் பெரிய திரை போட்டு ஆட்டம் காட்டுவார்கள். அவர் பந்தைத் தொடுவதற்கு முன்பே ஐந்தாறு மேசை சிரிக்கத் தொடங்கிவிடும். பந்தைச் சரியாகப் பாஸ் செய்தாலும் சிரிப்பு. இது எப்படி வந்தது? எல்லாரும் எல்லா ஆட்டத்தையும் பார்த்துவிட்டா சிரிக்கிறார்கள்? ஸ்டுடியோவில் சொன்ன ஒரு வரி வெட்டப்பட்டு முப்பது விநாடி துண்டாகப் போனில் சுற்றி, அந்தத் துண்டை மட்டும் பார்த்தவன்தான் சிரிக்கிறான்.

2021 நவம்பரில் அல்பேனியாவுக்கு எதிராகக் கோல் போட்டு, காதருகே கையை வைத்துக் கொண்டாடினார். ஐடிவியில் முன்னாள் யுனைடெட் கேப்டன் ராய் கீன் அதைக் கேவலம் என்றார், கடந்த சில மாதங்களாக யுனைடெட்டுக்கு அவர் ஆடுவது அவமானம் என்றார். சரி, கீன் அப்படிப் பேசுபவர்தான். ஆனால் அது எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது தெரியுமா? 2022-இல் கானா நாடாளுமன்றத்தில் ஐசக் அடோங்கோ என்ற உறுப்பினர், துணை அதிபர் நாட்டின் பொருளாதாரத்தைக் கையாளும் லட்சணத்தை மகுவையரோடு ஒப்பிட்டுப் பேசினார். இன்னொரு கண்டத்தில், பட்ஜெட் விவாதத்தில், ஒரு மனிதனின் பெயர் திறமையின்மைக்கு அடையாளமாகிவிட்டது. எந்தத் தடுப்பாட்டக்காரனுக்கும் இப்படி ஒரு நிலை வரக்கூடாது. சவுத்கேட் ஹாம்ப்டனில் பேசியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன்.

ஸ்கோர்போர்டு

கானா விஷயம் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023 ஜூலையில் மகுவையரிடமிருந்து கேப்டன் பட்டையை வாங்கி ப்ரூனோ பெர்னாண்டஸிடம் கொடுத்தது எந்தப் பண்டிட்? டென் ஹாக். அந்த ஆகஸ்டில் 3 கோடி பவுண்டுக்கு வெஸ்ட் ஹாமுக்கு விற்கச் சம்மதித்தது யார்? அதே கிளப். அந்தப் பேரம் கடைசியில் படியவில்லை என்பது வேறு. வீரரை உண்மையில் காயப்படுத்துவது உள்ளே இருப்பவர்களின் முடிவு. வெளியே பேசும் கீனைத் திட்டுவது சுலபம், அவ்வளவுதான்.

வலைக்_காவலன்

நான் கோல்கீப்பராக ஆடியவன். இப்போது தூத்துக்குடியில் பள்ளிப் பையன்களுக்கு கோல்கீப்பிங் சொல்லித் தருகிறேன். காரியஸ் பற்றி ஒரு வார்த்தை.

ஃப்ரீகிக் வரும்போது டிவி கேமரா உயரத்திலிருந்தோ, உதைப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்தோ காட்டும். அங்கிருந்து பார்த்தால் எந்த மூலை காலியாக இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். கோலில் நிற்பவனுக்குத் தெரிவது தன் ஆட்கள் ஐந்து பேரின் முதுகு. பந்து காலை விட்டுக் கிளம்பும் கணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. சுவரைத் தாண்டி மேலே வரும்போதுதான் பந்தையே பார்க்கிறான். அதற்குள் எடையை எந்தக் காலில் வைத்திருந்தான் என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும். ஸ்டுடியோவில் படத்தை நிறுத்தி வட்டம் போட்டு, இங்கே நின்றிருக்க வேண்டும் என்று சொல்வார்கள். சொல்வது தப்பில்லை. ஆனால் அந்த வட்டத்தைப் பார்த்த கீப்பர் அடுத்த ஆட்டத்தில் அரை அடி தள்ளி நிற்பான். இந்த முறை மற்ற மூலை திறந்துவிடும். என் பையன்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு கோலுக்காகத் திட்டு வாங்கியவன் அடுத்த பந்தைப் பிடிக்க மாட்டான், குத்தித் தள்ளுவான். பிடித்தால் நழுவிவிடுமோ என்ற பயம்.

அதனால் க்ளாப் காரியஸை உட்காரவைத்ததைக் கைவிட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி மதி, ஒன்று கவனியுங்கள். அவர் முதலில் பேசி, பேச்சு முழுவதையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் தலைப்புச் செய்தி க்ளாப் எதிர் நெவில். காரியஸ் எதிர் நெவில் இல்லை. அதற்குப் பிறகுதான் பையனை வெளிச்சத்திலிருந்து எடுத்தார். கீப்பர் விஷயம் தெரிந்தவன் செய்வது அது.

கிழக்கு_கேலரி

@வலைக்_காவலன் அண்ணன் சொன்ன பிறகு என் அளவுகோலையே கொஞ்சம் திருத்திக்கொள்ளத் தோன்றுகிறது. பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் கணக்கில்லை, அந்த வீரரை வைத்து மேனேஜர் அடுத்து என்ன திட்டம் போடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 2017-18 பருவத்தின் நடுவில் காரியஸை முதல் கீப்பராக்கினாரே க்ளாப். சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை அவர்தான் நின்றார்.

மெர்சிசைடு_மதி

அங்கேதானே வலிக்கிறது. 2018 மே 26, கீவ். காரியஸ் உருட்டிவிட்ட பந்தை பென்சிமா காலை நீட்டித் தட்டி உள்ளே விட்டார். கடைசியில் கேரத் பேல் தூரத்திலிருந்து அடித்தது காரியஸ் கைக்குள் வந்து நழுவிப்போனது. ரியல் மாட்ரிட் 3-1. முதல் கோலுக்குக் கொஞ்சம் முன்னால் ராமோஸின் முழங்கை காரியஸ் தலையில் பட்டிருந்தது. சில நாள் கழித்து பாஸ்டனில் மருத்துவர்கள் பரிசோதித்து, மூளை அதிர்வு இருந்தது என்றார்கள். அதற்குள் உலகமே தீர்ப்பு சொல்லி முடித்துவிட்டது. க்ளாப் அந்த மருத்துவ அறிக்கையைப் பிடித்துக்கொண்டு அவருக்காகப் பேசினார். பலர் அதைச் சாக்கு என்று சிரித்தார்கள். ஜூலையில் புது கீப்பர் அலிசன் வந்தார், காரியஸ் துருக்கிக்குப் போனார்.

நான் லிவர்பூல் ரசிகன், அலிசன் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் 2023 பிப்ரவரியில் வெம்ப்ளியில் நியூகாசிலுக்காக லீக் கோப்பை இறுதியில் காரியஸ் நின்றபோது, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்டத்தை அவருக்காக மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். நிக் போப் தடையில் இருந்ததால் கிடைத்த வாய்ப்பு. 2-0 என்று தோற்றார்கள், ஆனால் தைரியமாக ஆடினார்.

நீலவானம்

சிட்டி பக்கத்திலிருந்து ஒன்று. 2024 மார்ச் 31, அர்செனலுடன் 0-0. எங்கள் ஸ்ட்ரைக்கர் ஹாலண்டின் பொதுவான ஆட்டம், அதாவது கோல் அடிப்பதைத் தவிர மற்றதெல்லாம், நாலாம் டிவிஷன் வீரர் மாதிரி இருக்கிறது என்று ராய் கீன் சொன்னார். இரண்டு நாள் கழித்து சிட்டி மேனேஜர் பெப்பிடம் கேட்டார்கள். ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்றார். அப்படிப் பார்த்தால் கீனை இரண்டாம் மூன்றாம் டிவிஷன் மேனேஜர் என்று நான் சொல்வதற்குச் சமம் என்றார். கீன் மேனேஜராக இருந்த சண்டர்லேண்டும் இப்ஸ்விச்சும் எல்லாருக்கும் நினைவிருந்ததால் அது நன்றாகவே உறைத்தது. உலகின் சிறந்த ஸ்ட்ரைக்கர் ஹாலண்ட்தான், போன ஆண்டு ஜெயித்ததில் அவர் பங்கு பெரிது என்றும் சொன்னார்.

ஆனால் மறுநாள் ஆஸ்டன் வில்லா ஆட்டத்தில் ஹாலண்ட் பெஞ்சில்! 4-1 என்று ஜெயித்தோம். அந்தப் பருவம் ஹாலண்ட் 27 கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வாங்கினார், நாங்கள் தொடர்ந்து நாலாவது முறையாக லீக்கை வென்றோம்.

எனக்கு அதில் பிடித்தது வேறு. ஒரு ஆட்டம்கூட ஆடாத பத்திரிகையாளர் இப்படி எழுதினால் புரிந்துகொள்ள முடியும், ஆடியவர்களே பேசுவதுதான் ஆச்சரியம் என்ற பொருளில் பெப் பேசினார். க்ளாப் 2016-இல் சொன்னதும் இதேதான். இரண்டு பேருமே ஆடியவர்களின் மறதியைத்தான் குறை சொல்கிறார்கள்.

ஸ்கோர்போர்டு

அந்த மறதி மேனேஜர்களுக்கும் உண்டே. 2006 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் இசட்டிஎஃப் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஆட்டத்தை அலசியவர் யார்? யூர்கன் க்ளாப். அப்போது அவர் மைன்ஸ் மேனேஜர். அந்த நிகழ்ச்சிக்கு ஜெர்மன் தொலைக்காட்சி விருதே கிடைத்தது. சவுத்கேட் மிடில்ஸ்ப்ரோவை விட்டு வந்த பிறகு ஐடிவியில் இருந்தார். மொரீனியோ 2019-இல் வேலை இல்லாத நாட்களில் ஸ்கையில் உட்கார்ந்தார். இதே மொரீனியோ 2015 ஜனவரியில் செல்சீ மேனேஜராக இருந்தபோது என்ன செய்தார்? தன் வீரர் டியாகோ கோஸ்டா லிவர்பூலின் எம்ரே சானை மிதித்ததை ஸ்கை ‘கோஸ்டாவின் குற்றங்கள்’ என்று எழுதிக் காட்டியதற்கு, எங்களுக்கு எதிராகப் பிரசாரம் நடக்கிறது என்று கொதித்தார். சிட்டியுடனான ஆட்டம் முடிந்து பேட்டியே கொடுக்கவில்லை. கோஸ்டாவுக்கு மூன்று ஆட்டத் தடை கிடைத்தது. மிதித்தது மிதித்ததுதான்.

அப்புறம் அதே மனிதர் 2017 ஏப்ரலில், யுனைடெட் மேனேஜராக, எவர்ட்டன் ஆட்டத்துக்குப் பிறகு, தன் வீரர் லூக் ஷா நன்றாக ஆடியதற்குக் காரணம் என் மூளை, உடல் மட்டும்தான் அவனுடையது என்று கேமரா முன்னால் சொன்னார். எந்தப் பண்டிட் இப்படிப் பேசியிருக்கிறார்? 21 வயது, கால் இரண்டாக உடைந்து மீண்டு வந்த பையன்.

கிழக்கு_கேலரி

லூக் ஷா விஷயத்தில் உங்களோடு முழுசாக ஒத்துப்போகிறேன். அதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பண்டிட் திட்டுவதைவிடத் தன் மேனேஜர் திட்டுவது பல மடங்கு மோசம். ஏனென்றால் பயிற்சிக்குப் போனால் மறுநாள் காலையிலும் அதே முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் க்ளாப் டிவியில் செய்ததையும் கீன் செய்வதையும் ஒன்றாக வைக்காதீர்கள். க்ளாப் தொடுதிரையில் கோடு போட்டு, தடுப்பு வரிசை எங்கே நகர்கிறது என்று மக்களுக்கு ஆட்டத்தைப் புரியவைத்துப் பெயர் வாங்கியவர். அவமானம் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொன்று, இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், ஏற்பாடே அப்படி. ஒளிபரப்பு உரிமை வாங்கிய சேனலுக்கு மேனேஜர் பேட்டி கொடுத்தே ஆக வேண்டும், அது லீக் விதி. ஆட்டம் முடிந்து சில நிமிடத்தில், வியர்வை காயும் முன், மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஸ்டுடியோவில் இன்னார் இப்படிச் சொன்னார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். பதில் சொன்னால் அதுவே அடுத்த துண்டு வீடியோ. 2020 செப்டம்பரில் அர்செனலை 3-1 என்று வென்ற இரவு, கீன் லிவர்பூலின் ஆட்டத்தில் மெத்தனம் இருந்தது என்று சொன்னது ஹெட்செட்டில் காதில் விழ, க்ளாப் நேரலையிலேயே, நான் கேட்டது சரிதானா, வேறு ஏதோ ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறாரா என்று கேட்டார். கீன் அதே பேச்சில் லிவர்பூலைப் பாராட்டியும் இருந்தார். காதில் விழுந்தது அந்த ஒரு சொல் மட்டும். சேனலுக்கு அதில் லாபம்தான்.

பழைய_ஸ்ட்ரெட்ஃபோர்ட்

தம்பிகளா, எங்கள் யுனைடெட்டின் பழைய மேனேஜர் ஃபெர்குசனை விட்டுவிட்டு இந்தப் பேச்சா? 2002 மே மாதம், யுனைடெட் வீரர் வெரோன் ஆட்டம் எடுபடவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் குடைந்தபோது, அவன் மகத்தான ஆட்டக்காரன், நீங்களெல்லாம் முட்டாள்கள் என்று கெட்ட வார்த்தை சேர்த்துத் திட்டிவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டார். டிவி பண்டிட் இல்லை, செய்தியாளர்கள்தான், ஆனாலும் கதை ஒன்றுதான். 2003 கோடையில் அதே வெரோனை செல்சீக்கு விற்றார். விற்கிற வரை ஒரு வார்த்தை வெளியே விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே ஹேர் டிரையர் மாதிரி முகத்துக்கு நேரே கத்தல், வெளியே கோட்டைச் சுவர். அவரிடம் ஆடியவர்கள்தான் இன்று பாதி ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கிறார்கள். கீன், நெவில், ஸ்கோல்ஸ் எல்லாரும் அந்தச் சுவருக்குப் பின்னால் வளர்ந்தவர்கள். 1995 ஆகஸ்டில் வில்லாவிடம் 3-1 என்று தோற்றபோது, சின்னப் பையன்களை வைத்து எதையும் ஜெயிக்க முடியாது என்று பண்டிட் ஆலன் ஹான்சன் பிபிசியில் சொன்னது நெவில், ஸ்கோல்ஸ் போன்ற பையன்களைத்தான். அந்தப் பருவம் லீக்கும் எஃப்ஏ கோப்பையும் ஜெயித்தார்கள். அதை அனுபவித்தவர்கள் மைக் கிடைத்ததும் இப்படிப் பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

யுனைடெட்_ஜூரோங்

@ஸ்கோர்போர்டு, டென் ஹாக் பட்டையை வாங்கியது உண்மை. ஆனால் அதே பருவம் 2023 அக்டோபரில் காயங்கள் வரிசையாக வர, மகுவையர் திரும்பி வந்தார். கோபன்ஹேகனுக்கு எதிராக, பாபி சார்ல்டன் மறைந்த அதே வாரம், ஓல்ட் டிராஃபர்டில் ஒரே கோல் அவர் தலையால் அடித்தது. நவம்பரில் பிரீமியர் லீக்கின் மாதச் சிறந்த வீரர் விருது. கானாவின் அந்த உறுப்பினர் நாடாளுமன்றத்திலேயே மகுவையரிடம் மன்னிப்புக் கேட்டார். ஏற்றுக்கொண்டேன், ஓல்ட் டிராஃபர்டுக்கு வாருங்கள் என்று மகுவையரும் பதில் எழுதினார்.

2025 ஏப்ரலில் லியோனுக்கு எதிராகக் கூடுதல் நேரமும் முடியும் வேளையில் அவர் தலையால் போட்ட கோல், 5-4. அக்டோபரில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 84-ஆவது நிமிடம், 2-1. யுனைடெட் அங்கே 2016 ஜனவரிக்குப் பிறகு லீக்கில் ஜெயித்ததே இல்லை. அன்றைக்கு எங்கள் காப்பிக்கடையில் சிரித்த மேசைகள்தான் முதலில் எழுந்து கத்தின.

ஸ்கோர்போர்டு

மகுவையருக்கு நான் கைதட்டுகிறேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் எல்லா விமர்சனத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். 2024 பிப்ரவரி லீக் கோப்பை இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூல் கூடுதல் நேரத்தில் டேன்ஸ், மெக்கானல், கிளார்க் என்று பதின்ம வயதுப் பையன்களை வைத்து ஆடியது. செல்சீயின் நடுக்களத்தில் என்ஸோவும் கைசெடோவும், ஆளுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல். 118-ஆவது நிமிடம் வான் டைக் கோல். நூறு கோடி பவுண்டு செலவழித்தும் முக்கிய நேரத்தில் பதறிவிட்டார்கள் என்று நெவில் வர்ணனையில் போட்டு உடைத்தார். செல்சீ மேனேஜர் பொச்செட்டினோ, எங்களுடையதும் இளம் அணிதான், இது நியாயமில்லை என்றார். நான் நெவில் பக்கம். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்ட கிளப் அந்த ஒரு வரியைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

வலைக்_காவலன்

கிளப் தாங்கட்டும், ஸ்கோர்போர்டு. விலையை நிர்ணயித்தது கைசெடோ இல்லையே. அந்த வரி கிளப் முதலாளிக்குப் போயிருந்தால் நானும் உங்கள் பக்கம். அது போய் விழுந்தது மைதானத்தில் நின்ற 22, 23 வயதுப் பையன்கள் மேல்.

கிழக்கு_கேலரி

செல்சீ பற்றித் தனி இழையே போடலாம். பட்டியலைப் பார்க்கலாம் என்று நான் தொடங்கியதால் ஒன்று மட்டும். பொச்செட்டினோ அதற்குப் பிறகும் கைசெடோவை விடாமல் ஆடவைத்தார், என்ஸோவை ஏப்ரலில் அறுவைச் சிகிச்சைக்குப் போகும் வரை ஆடவைத்தார். கடைசி ஐந்து லீக் ஆட்டத்தையும் ஜெயித்து ஆறாவது இடத்தில் முடித்தார்கள். மே மாதமே அவர் கிளப்பை விட்டுப் போய்விட்டார். அந்த ஐந்து ஆட்டங்களை யாராவது திரும்பப் பார்த்திருந்தால், கைசெடோவின் ஆட்டம் பிப்ரவரியிலிருந்து எப்படி மாறியது என்று எழுதுங்கள்.